முனியம்மாவைப் போகச் சொன்ன மகனுக்கு

மகனே சூசை,

சேசுவின் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உடம்பு சுகம்தான். மனம் அப்படி இல்லை. ஆகையால் சுக விசாரணையை இத்தோடு நிறுத்திக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். பேத்தமங்களாவிலிருந்து நாளைக் காலை நீ இருக்கிற ஊரிகத்துக்கு வண்டி போகிறது. அதில் கொடுத்தனுப்புவேன்.

அன்றைக்குத்தான் உன் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் செசிலியின் பெயரையும் சேர்த்து வாசித்தபோது, கோவிலில் உன்னைத் தேடினேன். ஷிப்டு முடிந்து வரத் தாமதமாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செசிலி என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள். பூசை முடிந்து, அவள் வீட்டில் கஞ்சி குடித்து, வண்டி பிடித்து நம் திராட்சைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் நீ பந்தலடியில் உட்கார்ந்திருக்கிறாய். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, நான் மூட்டையை இறக்கி வைப்பதற்குள் சொன்னாய்: "ம்மா, நான் ஷாஃப்ட்டு வேலைய உட்டுடறேன். கல்யாணம் ஆனதும் செசிலியக் கூட்டிக்கினு இங்கியே வந்துடறேன்."

அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. தங்கவயல் சுரங்கத்தில் அபாயச் சங்கு ஊதினால் இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. ஆனாலும் காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் நாட்களில் எனக்குக் காதுக்குள் ஊதிக்கொண்டே இருக்கும். கூண்டு இறங்குகிறது, கயிறு அறுகிறது, பாறை வெடிக்கிறது என்று எதையாவது நினைத்துக்கொண்டு கையில் எடுத்த திராட்சைக் குலையை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ வருகிறேன் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, கொடிகளுக்குள் வேலையாக இருப்பாள் என்று முனியம்மாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. "முனியம்மா எங்கடா?" என்று உன்னைக் கேட்டேன்.

"அவள அனுப்பிட்டேன்," என்றாய். "நைனா செத்த எடத்துல அவ நின்னுக்கினு கீறத நான் தெனமும் பாக்கணுமா? அவ இங்க இல்லன்னாதான் நான் வருவேன்."

உனக்குச் சோறு போட்டேன். நீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனாய். ஏன் பேசாமல் இருந்தேன் என்றால், நீ வருகிறேன் என்ற சொல்லை அதற்குள் கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சாயங்காலமாவது அதை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று பார்த்தேன். இப்போது பேசுகிறேன். முழுவதையும் படி. பாதியில் கோபம் வந்து மடித்து வைத்துவிடாதே.

இந்தத் தோட்டம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும் என்றாலும், உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிறவள் படிக்க வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன். பஞ்சத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து என்னைப் போன்ற அநாதைப் பிள்ளைகளைப் பெங்களூர் கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோனார்கள். எழுதப் படிக்கவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மடத்தின் பின்புறம் ஒரு திராட்சைப் பந்தல் இருந்தது. பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தை அந்தக் கன்னியர்களே பிழிந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஊசியும் நூலுமாக இருக்கையில் நான் எப்போதும் பந்தலடியில்தான் இருப்பேன். எந்தக் கொம்பு காய்க்கும், எது வெறுமனே ஓடும் என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவேன். எனக்குக் கல்யாணம் முடித்து வைத்தபோது, தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் முட்டுக்கட்டைகள் நிறுத்துகிற தச்சன் ஒருவருக்குக் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே சீர், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுத் திராட்சைக் குச்சிகள். "இன்னா இது, அடுப்பெரிக்கவா?" என்று உன் நைனா கேட்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டு வாசலில் அந்தக் குச்சிகளை நட்டு மூன்று நான்கு வருடம் காப்பாற்றினேன். அவர் சுரங்கத்தை விட்டுவிட்டு இந்த ஏரிக்கரை நிலத்துக்கு வந்தது திராட்சைமேல் ஆசைப்பட்டு அல்ல. அந்தக் கதையை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். ஒரு நாள் வெடி வைத்த பிறகு, மருந்துப் புகை அடங்கிவிட்டதென்று நினைத்து முட்டுக் கொடுக்க உள்ளே போயிருக்கிறார். புகை அடங்கவில்லை. கால் மடங்கி விழுந்துவிட்டார். யாரோ ஒருவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, காற்று வரும் இடத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான். கண் திறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. அதன் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் லைன் லைனாகப் போய் "என்ன இஸ்து வெளிய போட்டது யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். நான்தான் என்று ஒருவனும் சொல்லவில்லை. அவன் வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டானோ, செத்தே போனானோ. "யாருன்னு தெரியாதவனுக்கு எப்படிடி நான் கைமாறு செய்வேன்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

அந்த மனிதர்தான் இந்த மேட்டைக் குடைந்து நமக்கு நிலவறை வெட்டினார். நாம் கோவிலுக்குக் கொடுக்கிற பூசை ரசத்தில் சர்க்கரை போடக்கூடாது, சாராயம் ஊற்றக்கூடாது. கலப்பில்லாத ரசம் இந்த வெயிலில் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் குளிர்ச்சியான இடம் வேண்டும். சுரங்கத்தில் நிறுத்துவது போலவே கட்டைகளை நிறுத்தி, படி வைத்து, சுரங்கத்துத் தட்டுகளுக்குச் சொல்கிற பெயரையே எடுத்து அதற்கு "நம்ம லெவல்" என்று பெயர் வைத்தார். ரசம் புளித்துப் பொங்கும்போது கெட்ட காற்று கிளம்பித் தரையோடு தங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பொங்கி அடங்கும் வரை யாரும் கீழே போகக்கூடாது, போக வேண்டுமென்றால் முதலில் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று வேலைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லுவார். முனியம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்.

இனி அந்த நாளைப் பற்றி. நீ அன்று ஷிப்டில் இருந்தாய். ஊர் சொன்னதைத்தான் நீ கேட்டாய். ஊர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முனியம்மா குடிக்கத்தான் கீழே போனாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. அவளும் மறைத்ததில்லை.

உச்சிவேளை. குலைகளை மிதித்து முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அவளைக் காணவில்லை. குடத்தடியில் இருந்த தம்ளரையும் காணவில்லை. நிலவறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் உன் நைனா ஓடி வந்தார். விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதிப் படி தாண்டுவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி கொளுத்தி இறக்கினார். மறுபடியும் அணைந்தது. வெளிச்சம் இருந்த அந்த ஒரு கணத்தில் அவள் கால்கள் தெரிந்தன.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாங்க, போவாதீங்க. அவ குடிக்கப் போயிருக்கா" என்றேன்.

"தெரியும்," என்றார் உன் நைனா. "நீ கத்தி ஆளக் கூப்பிடு. கீழ மட்டும் வராத."

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார். அவள் கொண்டையைப் பிடித்துப் படிவரை இழுத்து வந்து, தோளால் முட்டி மேலே தள்ளினார். நான் அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். அவள் பாரம் என்மேல் விழுந்து நான் மல்லாந்துவிட்டேன். எழுந்து பார்ப்பதற்குள் அவர் படியிலிருந்து பின்னால் சரிந்துவிட்டார். பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஆட்கள் கயிறோடு ஓடி வந்து அவரைத் தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. முனியம்மா புல்லில் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்று அவர் சொன்னதை இதுவரை நான் உன்னிடம் சொல்லவில்லை. தெரிந்தே போனார் என்றால் நீ அவரையும் வெறுப்பாயோ, ஒரு குடிகாரிக்காக எங்களை விட்டுவிட்டாரே என்பாயோ என்று பயந்தேன். நானே பல நாள் அப்படி நினைத்துப் பொருமியிருக்கிறேன். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிள்ளை ஷாஃப்ட்டில் இருக்கிறான், இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று கல்லறையில் உட்கார்ந்து அவரைத் திட்டியிருக்கிறேன். அவர்மேல் வைக்க வேண்டிய கோபத்தை நீ முனியம்மாமேல் வைக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, நீ வாசலுக்கு நேராக இருந்த கொடியைக் கொடி நறுக்குகிற கவாத்துக் கத்தியால் தரையோடு வெட்டினாய். ஞாபகம் இருக்கிறதா? நான் மடத்திலிருந்து கொண்டுவந்த குச்சிகளில் இந்த நிலத்தில் முதலில் பிடித்த கொடி அது. நான் தடுக்கவில்லை. நீ எதையாவது வெட்ட வேண்டியிருந்தது. அது துளிர்க்கும் என்று மழை முடியும் வரை பார்த்தேன். துளிர்க்கவில்லை. வேரைத் தோண்டிப் போட்டுவிட்டு வேறு கொடி வைத்தேன். அது இப்போது காய்க்கிறது, ஆனால் குலை சின்னது. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கோபத்தில் செய்கிற காரியத்தில் சிலதைத் திரும்பச் சரி செய்ய முடிகிறது, சிலதை முடிவதில்லை. எது எது என்று வெட்டும்போது தெரிவதில்லை.

அந்த வருடம் கவாத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. உயிர் வாங்கின தோட்டம் என்று பேத்தமங்களாவில் ஒருவரும் வர மறுத்தார்கள். செசிலி முதன்முறை இங்கே வந்தபோது, "இன்னா அத்தே, நல்லா கீற கொடிய இப்படி மொட்டையடிச்சிட்டீங்க?" என்று பதறிப்போனாளே, அவளுக்கு அப்போது சொன்னேன்: மழை விட்டதும் பழைய கொம்பைக் குறைத்து வெட்டினால்தான் புதுக் கிளை வரும், புதுக் கிளையில்தான் பூ வரும், பருவம் தப்பினால் ஒரு வருடம் முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று. அந்த வருடம் நான் ஒருத்தியாக இரண்டு வரிசையைக்கூட முடிக்க முடியாமல் நின்றேன். ஒரு காலையில் பார்த்தால் கடைசி வரிசையில் யாரோ கத்தியோடு நிற்கிறார்கள். முனியம்மா. நான் போகச் சொல்லிக் கத்தினேன். போனாள். மறுநாளும் வந்தாள். மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன், சூசை, அவள் தோளில் பட்டது. தட்டிவிட்டுக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் அந்த முனையிலிருந்தும் நான் இந்த முனையிலிருந்துமாகப் பந்தல் நடுவே வந்து சேர்ந்தபோது, "அந்தக் கொம்புல ரெண்டு கண்ணு உட்டு வெட்டு" என்றேன். "செரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

அவள் குடியை விட்டுவிட்டாள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். விடவில்லை. திருவிழா வந்தால் கள்ளுக்கடைக்குப் போவாள், இரண்டு நாள் கழித்து முகம் வீங்கி வருவாள். ஆனால் நம் பீப்பாயை அவள் தொட்டதில்லை. நான் அவளை மன்னித்துவிட்டேன் என்றும் எழுதமாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்கிறார், நான் "முயற்சி பண்றேன் சாமி" என்கிறேன். சில நாள் அவள் சிரித்தால் எனக்கு எரியும். சில நாள் அவள் வரத் தாமதமானால் வாசலுக்கு வந்து பார்ப்பேன். சாம்பல் நோய் விழுந்த வருடம், கந்தகத்தூளை இலை இலையாகத் தூவி அவள் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. விட்டுவிட்டுப் போ என்றாலும் போகவில்லை. இந்தத் தோட்டம் உயிரோடு இருக்கிறதென்றால் அதில் பாதி அவள் கை.

நீ வந்துபோன மறுநாள் அவளைத் தேடிப் போனேன். தங்கவயலுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறார்களே, அங்கே மண் சுமந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையோடு நின்றாள்.

"இன்னாம்மா, இம்மாந்தூரம் வெயில்ல வந்துக்கீறே?"

"சொல்லாம வந்துட்டியே, முனியம்மா."

"சொன்னா நீ உடுவியா? உம்மவன் ஊட்டுக்கு வரேன்னு சொல்லுது. நீ எதுக்காவ மாதாவுக்கு மெழுவத்தி ஏத்திக்கினு கீறேன்னு எனுக்குத் தெரியாதா? நான் ஒருத்தி எதுக்குக் குறுக்கால?"

"அவன் உன்னைத் திட்டினானா?"

"சே சே, ஒண்ணும் திட்டல. எங்க நைனா உசுரு உன்னாண்ட கீது, அதப் பாத்துக்கினு என்னால சோறு துன்ன முடியாதுன்னுச்சு. நெசந்தானம்மா? எனுக்கே சில நாளு துன்ன முடியல."

மேஸ்திரி அதட்டினான். அவள் நகர்ந்தாள். நானும் கூடவே நடந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊரார் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. "அவர் உசுரு உன்னாண்ட கீதுன்னா, அத இந்தப் பள்ளத்துல கொட்டவா குடுத்துட்டுப் போனாரு? அது எங்க ஊட்டு உசுருடி. எங்கண்ணு முன்னாலதான் இருக்கணும்" என்றேன். அதுவரை எனக்கே தெரியாது, நான் அப்படி நினைத்திருந்தேன் என்று.

அவள் கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, "உம்மவன் வராம பூட்டா?" என்று கேட்டாள். திரும்பி நடந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான். இன்றைக்கும் அதற்குப் பதில் தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் தோட்டத்தில் இருந்தாள். "கல்யாணத்துக்கு நான் வரல. அது எம் முடிவு" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

ஆகவே மகனே, நீ கேட்டதை நான் செய்யவில்லை. நீ சுரங்கத்தை விட்டு வா என்றுதான் என் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் கேட்கிறது. அவளை விரட்டிவிட்டு வா என்று எழுத மட்டும் கை வரவில்லை. நீ வராமல் போனாலும் உன் கல்யாணத்துக்கு நான் வருவேன். உன் பக்கத்தில் நிற்பேன், உன்னையும் செசிலியையும் ஆசீர்வதிப்பேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். செசிலியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. உன் நைனா என்னிடம் எதையும் மறைக்காமல்தான் குடித்தனம் நடத்தினார். நீ அவளைக் கட்டுவதற்கு முன்னாலேயே உன் கோபம் எங்கே இருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போகச் சொன்னதை நீ முனியம்மா முகத்துக்கு நேராகச் சொன்னாய். மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள் ஒரு தரம் வந்து, இருக்கச் சொல்வதையும் நேராகச் சொல்லிவிட்டுப் போ. சொல்ல முடியவில்லை என்றால் அதையாவது வந்து சொல். அவளிடம் பிரியமாக இரு என்று நான் கேட்கவில்லை. என்னாலேயே முடியாததை உன்னிடம் எப்படிக் கேட்பேன்?

இத்தோடு முடிக்கிறேன். கீழே நிலவறையில் ஒரு பீப்பாய் கசிகிற வாசனை வருகிறது, இறங்கிப் பார்த்தாக வேண்டும். ரசம் பொங்குவது ஓரளவு அடங்கிவிட்டது, இறக்கிய விளக்கும் நின்று எரிகிறது. ஆனாலும் உன் நைனா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இறங்குகிறவள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும், மற்றவள் மேலே நின்று அதைப் பிடித்திருக்க வேண்டும், கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். இன்று இறங்கப் போவது நான். முனியம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் காத்திருக்கிறாள்.

உன் அம்மா